பாவக்காய் பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுது, வேப்பெண்ணெய்க்கும் அடங்கல

பந்தல்காரி
நவம்பர் 23, காலை 6.10

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து தென்னாப்பிரிக்கா டர்பன் வந்து நாலு வருஷம் ஆச்சு. சாட்ஸ்வொர்த்துல வாடகை வீடு. பின்னாடி பதினெட்டுக்குப் பன்னெண்டு அடி இடம் கிடக்கு, அதுலதான் என் விவசாயம்.

முதல் வருஷம் தக்காளி போட்டேன். சில்வர்க்ளென் காட்டுப் பக்கம் இருந்து குரங்குக் கூட்டம் வந்துச்சு. தின்னாலும் பரவாயில்ல. ஒன்னைப் பறிச்சு ஒரு கடி கடிச்சுக் கீழ போட்டுட்டு அடுத்ததைப் பறிக்கும். ரெண்டாவது வருஷம் மீலி, அதான் இங்கத்த மக்காச்சோளம், போட்டேன், கதிர் பால் பிடிக்கிற அன்னைக்கே எல்லாம் காலி. போன வருஷம் வெறுத்துப்போய் கொத்தமல்லியோட நிறுத்திக்கிட்டேன்.

கோயில்ல ஒரு அம்மா சொன்னாங்க, பாவக்காய் போடு, குரங்கு தொடாதுன்னு. ஆகஸ்ட் கடைசியில ஆறு விதை ஊன்றினேன். பிளாஸ்டிக் பைப்பும் துணி காயப்போடுற கயிறும் வெச்சு ஒரு பந்தல். கொடி ஏறுன அழகைப் பாத்து ஊருக்கு வீடியோ கால் போட்டுக் காமிச்சேன். குரங்கும் வந்துச்சு. ஒன்னு பிஞ்சைக் கடிச்சு, மூஞ்சியைச் சுளிச்சுத் துப்பிட்டுப் போச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்!

இப்ப என்னன்னா, பிஞ்சு விரல் நீளம் வருது, அப்புறம் ஒரு பக்கமா வளைஞ்சு மஞ்சளாகி, தொட்டா கொழகொழன்னு விழுது. மூணு வாரமா இதே கதை. நாப்பது பிஞ்சாவது போயிருக்கும், வீட்டுக்கு ஒரு காய் வரல. லிட்டருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து ஒன்னுவிட்டு ஒரு நாள் அடிக்கிறேன். கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற மரத்துல வேப்பிலை ஒடிச்சு, கொதிக்க வெச்சு அதையும் ஊத்தினேன். இலை எல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கு, ஒரு ஓட்டை கிடையாது. காய் மட்டும் நிக்க மாட்டேங்குது. மண்ணுல கோளாறா? என்ன மருந்து அடிக்கலாம்?


ஃபீனிக்ஸ்_ஆன்ட்டி
நவம்பர் 23, காலை 8.45

கண்ணு, தேனீ வருதா பாரு. எங்க தெருவுல இப்பல்லாம் தேனீயே காணோம். காலைல ஏழு மணிக்குள்ள ஆண் பூவைப் பறிச்சு, பெண் பூவுக்குள்ள ரெண்டு தடவு தடவிவிடு. பெண் பூன்னா அடியில குட்டிப் பாவக்காய் மாதிரி இருக்கும். எங்க அம்மா சொல்லிக்கொடுத்தது. நான் பூசணிக்குச் செய்வேன், தப்பவே தப்பாது.


லெனேசியாபையன்
நவம்பர் 23, மதியம் 1.20

அக்கா இவ்வளவு கஷ்டமே வேணாம். இங்க ஜோபர்க்ல (ஜோஹன்னஸ்பர்க்) டாக்ஸி ஸ்டாண்டு பக்கம் சின்ன பாட்டில்ல விப்பாங்க. லேபிள் எல்லாம் இருக்காது. கரப்பான், எறும்பு, எலி எதுக்கும் ஒரு மூடி போதும். எங்க பில்டிங்குல எல்லாரும் வாங்குறாங்க. டர்பன்லயும் மார்க்கெட் பக்கம் கிடைக்கும். தண்ணில கலந்து அடிங்க, ஒரு பூச்சி மிஞ்சாது.


ஃபீனிக்ஸ்_ஆன்ட்டி
நவம்பர் 23, மதியம் 1.26

ஐயோ தம்பி, அதை அழி முதல்ல!


மட்டுறுத்துநர்
நவம்பர் 23, மதியம் 2.05

அழிக்க வேண்டாம்னு நினைக்கிறேன். இந்த யோசனை இன்னும் பத்துப் பேர் மனசுல இருக்கும், அதனால அதுக்குக் கீழயே பதிலும் இருக்கட்டும்.

அந்த லேபிள் இல்லாத பாட்டில்ல என்ன இருக்குன்னு விக்கிறவருக்கே தெரியாது. 2024 அக்டோபர்ல சோவெட்டோவுல நலேடி பகுதியில ஆறு பிள்ளைங்க செத்துப்போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அவங்க உடம்புல இருந்தது டெர்புஃபோஸ். பெரிய வயல்கள்ல, பயிற்சி உள்ளவங்க மண்ணுக்குள்ள இடுற குருணை மருந்து அது. வீட்டுக்குள்ள வரவே கூடாதது. அடுத்த மாசமே நாடு முழுக்க நடந்த இந்த மாதிரி உணவு நஞ்சுச் சாவுகளைத் தேசியப் பேரிடர்னு அறிவிச்சாங்க. குப்பை அள்ளாத தெருவுல எலி பெருகுது, எலிக்குப் பயந்து ஜனங்க இதை வாங்குறாங்க, அதுல வாங்குறவங்களைக் குத்தம் சொல்ல நான் வரல. ஆனா காய்கறிச் செடிக்கா? அந்த மருந்தைச் செடி வேர் வழியா உறிஞ்சும். கழுவினா போற சமாச்சாரம் இல்ல. தம்பி, உங்க வீட்டுல அந்த பாட்டில் இருந்தா தயவுசெஞ்சு பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க, தண்ணித் தொட்டியில கொட்டாதீங்க.


லெனேசியாபையன்
நவம்பர் 23, மாலை 5.50

சாரி. நலேடி விஷயம் தெரியும், ஆனா இது அதுதான்னு யோசிக்கல. அம்மாகிட்ட சொல்லிட்டேன்.


பூச்சிவாத்தியார்
நவம்பர் 23, இரவு 9.15

பந்தல்காரி அம்மா, மருந்து பத்தி அப்புறம் பேசலாம். விழுந்த காய் ஒன்னை நீளவாக்குல கத்தியால கீறிப் பாத்தீங்களா? பாத்துட்டுச் சொல்லுங்க. இன்னொன்னு, நல்லா இருக்கிற பிஞ்சு மேல ஊசி குத்துன மாதிரி புள்ளியும், அந்த இடத்துல பிசின் துளி மாதிரி ஏதாவதும் இருக்கான்னு வெயில்ல வெச்சுப் பாருங்க.

ஆன்ட்டி சொன்னதும் நடக்கிறதுதான். மகரந்தம் சேராத பிஞ்சும் மஞ்சளாகி விழும். ஆனா அது பூ வாடின கையோட, வளராமலே சுருங்கிக் காய்ஞ்சு போயிடும். விரல் நீளம் வளர்ந்து, வளைஞ்சு, அழுகி விழுதுன்னா விஷயம் வேற.


பந்தல்காரி
நவம்பர் 24, காலை 6.30

கீறிட்டேன். கீறாமலே இருந்திருக்கலாம். உள்ள அரிசி மாதிரி வெள்ளைப் புழு, ஒரு காய்ல இருபதுக்கு மேல. தட்டுல விழுந்ததும் உடம்பை வளைச்சுத் துள்ளுது! பிள்ளை கத்திக்கிட்டு ஓடிட்டான். இவர் டீயைக் கீழ வெச்சுட்டார்.

நீங்க சொன்ன புள்ளியும் இருக்கு. கட்டைவிரல் அளவு பிஞ்சுலயே இருக்கு. நான் முள்ளு குத்தியிருக்கும்னு விட்டுட்டேன்.


பூச்சிவாத்தியார்
நவம்பர் 24, காலை 7.40

அப்ப சந்தேகமே இல்ல, பழ ஈ. இங்க இருக்கிறவங்க பூசணி ஈன்னு சொல்வாங்க. டாக்கஸ் இனம். பூசணி, சுரை, பீர்க்கு, வெள்ளரி, பாவை எல்லாம் அதுக்கு ஒரே வீடு. ஆப்பிரிக்காவுக்கே சொந்தமான ஈ. குளவி மாதிரி பழுப்பு மஞ்சளா, இடுப்பு ஒடுங்கி இருக்கும். பாத்தா ஈன்னே தோணாது.

நீங்க ஏன் தோத்தீங்கன்னு சொல்றேன். பெண் ஈ தோலைக் குத்தி முட்டையைக் காய்க்கு உள்ள வைக்குது. ஓரிரு நாள்ல புழு. ஒரு வாரம் போல உள்ளயே தின்னுது. இலை மேல நீங்க அடிக்கிற வேப்பெண்ணெய் அதுக்கு எட்டவே எட்டாது. காய் விழுந்ததும் புழு வெளிய வந்து மண்ணுல ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம் போய்க் கூட்டுப்புழுவாகுது. பத்துப் பன்னெண்டு நாள்ல மறுபடி ஈ. நீங்க விழுந்த காயை என்ன பண்ணீங்க?


பந்தல்காரி
நவம்பர் 24, காலை 7.48

உரத்துக்கு ஆகும்னு பந்தல் அடியிலயே போட்டு மண்ணைத் தள்ளினேன்…


பூச்சிவாத்தியார்
நவம்பர் 24, காலை 8.02

நீங்க ஈ வளர்க்கிறீங்கம்மா. பாவக்காய் வளர்க்கல.

கோவிச்சுக்காதீங்க, கோயம்புத்தூர்ல படிக்கிறப்ப நானும் கல்லூரித் தோட்டத்துல இதையே பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான். இன்னைக்கே விழுந்தது, குத்துப்பட்டது எல்லாத்தையும் பொறுக்கி, கறுப்புக் குப்பைப் பையில போட்டு, காத்துப் போகாம இறுக்கிக் கட்டி, வெயில்ல பத்து நாள் வைங்க. உள்ள வெந்து செத்துடும். குழியில போடுறதா இருந்தா அரை மீட்டராவது ஆழம் வேணும். பந்தல் அடி மண்ணை லேசா கொத்திவிடுங்க, ஹடீடா பறவை வந்து கொத்தித் தின்னும். காலைல அஞ்சு மணிக்கு அது போடுற சத்தத்துக்கு அந்த அளவாவது நமக்கு உதவட்டும்.


விடியக்காலைமார்க்கெட்
நவம்பர் 25, மாலை 4.30

எனக்கு வயசு எழுவத்தாறு. நான் இங்கேயே பொறந்தவன், என் தாத்தாவோட அப்பா கரும்புக்கு வந்தவர். என் தமிழ் வெர்னாக் ஸ்கூல்ல (தாய்மொழிப் பள்ளி), சாயங்காலம் ரெண்டு மணி நேரம் படிச்ச தமிழ். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. பேத்தி டைப் பண்ண உதவி செய்யுது.

எங்க குடும்பம் ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஃப்ளாட்ஸ்ல, உம்கேனி ஆத்தோரம் தோட்டம் வெச்சிருந்தது. கீரை, வெங்காயத்தாள், டபுள் பீன்ஸ், பாவக்காய், பீர்க்கங்காய். ராத்திரி ரெண்டு மணிக்குக் கூடை கட்டி வார்விக் மார்க்கெட்டுக்கு அப்பா போவார். நான் கூடைக்கு நடுவுல தூங்கிக்கிட்டே போவேன். அப்போ இந்த ஈ இல்லாம இல்ல. என் பாட்டி அதைக் "குத்தி"ன்னு சொல்லும். பாட்டி என்ன செய்யும்னா, பந்தலுக்கு அடியில கோழியை விட்டுடும். பந்தல் உயரமா இருக்கும், கோழிக்குக் காய் எட்டாது. விழுந்த பிஞ்சு, அதுல இருக்கிற புழு, மண்ணுக்குள்ள இருக்கிற கூடு, எல்லாத்தையும் அதுங்க சீச்சித் தின்னுடும். "குத்தி போட்ட முட்டை கோழி முட்டையா வருது"ன்னு பாட்டி சிரிக்கும். அப்புறம் பிஞ்சுக்கு வாழைச் சருகு சுத்தும். ஒவ்வொரு பிஞ்சுக்கும். நாங்க பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்து செய்யற வேலை அது. சுத்தாம விட்ட பிஞ்சு எதுன்னு ராத்திரி பாட்டிக்கு எப்படித்தான் தெரியுமோ, காது திருகும்.

1976 வெள்ளம் வந்து அங்க இருந்த டின் டவுன், தகரக் குடிசைங்க எல்லாம் அடிச்சிக்கிட்டுப் போச்சு. எங்களை ஃபீனிக்ஸுக்கு மாத்தினாங்க. அதோட தோட்டம் முடிஞ்சது. இப்ப முனிசிபல் வீட்டுல ரெண்டு டின்னுல மிளகாய் வெச்சிருக்கேன்.

அம்மா ஒரு கேள்வி. கோயிலுக்குப் பின்னாடி வேப்பிலை ஒடிச்சேன்னு சொன்னீங்க. அந்த மரம் பூ ஊதாவா, வெள்ளையா?


பந்தல்காரி
நவம்பர் 25, மாலை 6.00

தாத்தா, உங்க தமிழ் என் பையனோட தமிழைவிட எவ்வளவோ நல்லா இருக்கு. காது திருகுன இடத்துல எங்க ஆச்சி நினைப்பு வந்துடுச்சு.

பூ ஊதா நிறம். வாசனையா இருக்கும். இங்க வேம்பு இப்படித்தான் போலன்னு நினைச்சேன். ஏன் தாத்தா?


விடியக்காலைமார்க்கெட்
நவம்பர் 25, மாலை 6.40

அது சிரிங்கா. வேம்பு இல்ல. ஆனா நாங்க அதைத்தான் வேப்பிலைன்னு சொல்லி வளர்ந்தோம். கப்பல்ல வந்தவங்க இங்க வேப்பமரம் தேடியிருப்பாங்க, கிடைச்சது இது, இலை ஒரே மாதிரி இருந்தது, அம்மனுக்கு அதையே கட்டினாங்க. அம்மை போட்டா வாசல்ல கட்டுறதும் அதுதான். கூழ் ஊத்தறப்ப பானைக்கும் அதுதான். அம்மன் ஒத்துக்கிட்டா. பூச்சி ஒத்துக்குமான்னு வாத்தியார் சொல்லட்டும்.


பூச்சிவாத்தியார்
நவம்பர் 25, இரவு 8.55

அருமையா பிடிச்சீங்க ஐயா. நம்ம ஊர்ல மலைவேம்புன்னு சொல்ற குடும்பத்து மரம். வேம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அடையாளம் சுலபம்: வேப்பிலையில நடு ஈர்க்கு ஒன்னு, அதுல ரெண்டு பக்கமும் நேரா இலை. சிரிங்காவுல ஈர்க்குலயிருந்து கிளை ஈர்க்கு பிரிஞ்சு, அதுல இலை. வேப்பம்பழம் நீளவாக்குல இருக்கும். சிரிங்கா பழம் கோலி மாதிரி உருண்டையா, இலை உதிர்ந்த குளிர்காலத்துலயும் கொத்துக்கொத்தா மஞ்சளா தொங்கும். அந்தப் பழம் மனுஷனுக்கும் நாய்க்கும் பன்னிக்கும் விஷம். இலைச் சாறு சில பூச்சியோட பசியைக் கெடுக்கும்னு சொல்றது உண்மைதான், ஆனா வேப்பங்கொட்டையில நாம நம்புற அசாடிராக்டின்ங்கிற சத்து அதுல கிடையாதுன்னே வைங்க. சமைக்கிற காய்ல அந்தக் கஷாயத்தை ஊத்தாதீங்க. பூஜைக்கு இருக்கட்டும்.


ஃபீனிக்ஸ்_ஆன்ட்டி
நவம்பர் 25, இரவு 9.30

அறுபது வருஷமா சிரிங்காவைக் கும்பிட்டிருக்கேனா! நல்லவேளை மாமியாருக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்தாங்க.

ஐயா, நாங்களும் டின் டவுன்தான். அம்மா சொல்லுவாங்க, வெள்ளத்துல தையல் மெஷினைத் தலையில வெச்சுக்கிட்டு வந்தாங்களாம். எங்க இருந்தீங்க நீங்க?


(இதுக்கு நடுவுல ஆன்ட்டியும் ஐயாவும் யார் வீட்டுக்குப் பக்கத்துல யார் வீடுன்னு எழுதிக்கிட்ட பதினோரு பதிவைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கேன். படிக்க வேண்டியது, ஆனா பாவக்காய் தொலைஞ்சுபோகுது. – மட்டுறுத்துநர்)


ரோஸ்ஹில்மார்கோஸ்
நவம்பர் 27, காலை 10.10

மொரீஷியஸில் இருந்து எழுதுகிறேன். எங்கள் கிரியோலில் பாவக்காய்க்கு மார்கோஸ், பீர்க்கங்காய்க்குப் பிபாங்காய். இரண்டாவது சொல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே அதிகம் தொல்லை தருவது வேறு ஈ, பூசணியைத் தாக்கும் மெலன் ஈ. உங்களுடையதற்கு உறவுதான். பக்கத்துத் தீவான ரீயூனியனில் மூன்று வகை ஈக்களும் சேர்ந்து இருக்கின்றன. அங்கே சென்-ஆந்த்ரேவில் என் மாமா சூசூவும் (உங்கள் சௌசௌ) சுரைக்காயும் பயிரிடுகிறார். முன்பு வாரத்துக்கு இரண்டு தடவை மருந்து, ஆனாலும் பாதிக் காய் போய்விடும். பிறகு அங்கே 2009ல் இருந்து இரண்டு மூன்று வருடம் காமூர் என்ற திட்டம் நடந்தது. அதில் மாமா கற்றுக்கொண்டதை வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் சொல்வார், சாப்பாட்டு மேசையில்கூட. அதனால் எனக்கு மனப்பாடம்.

முக்கியமான விஷயம் இதுதான்: ஈ கொடியில் குடியிருப்பதில்லை. பகலில் பெரும்பாலான நேரம் ஓரத்தில் இருக்கும் உயரமான செடிகளில், குறிப்பாகச் சோளத்தில், இலைக்கு அடியில் நிழலில் உட்கார்ந்திருக்கும். முட்டை வைக்க மட்டும் கொடிக்கு வந்து போகும். அப்படியென்றால் கொடிக்கு மருந்து அடிப்பது ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. மாமா இப்போது தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை சோளம் போட்டு, அந்தச் சோள இலையில் மட்டும் அங்கங்கே புரதச் சாறும் மருந்தும் கலந்த இரையைச் சொட்டு வைக்கிறார். ஈ அதைத் தின்னு சாகும். கொடியில் ஒரு துளி இல்லை.

இன்னொன்று, கூடாரம் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார். விழுந்த காயெல்லாம் அதற்குள். மேலே ஒரு சின்ன சன்னல், அதில் சல்லடை வலை. ஈ பொரித்து வந்தால் வெளியே போக முடியாது. ஆனால் அந்தப் புழுவையே தின்று வளரும் குட்டிக் குளவிகள் வலை ஓட்டை வழியாகப் பறந்து தோட்டத்துக்குத் திரும்பும். கெட்டதைப் பிடித்து வைத்து நல்லதை மட்டும் விடுகிற சிறைச்சாலை. ஹவாயில் யோசித்த விஷயம் என்று கேள்வி.


பந்தல்காரி
நவம்பர் 27, மதியம் 12.15

படிச்சுட்டு மெய்சிலிர்த்துப் போச்சு. ஆனா சோளம் வெச்சா குரங்குக்கு நானே பத்திரிகை அடிச்சுக் கூப்பிட்ட மாதிரி ஆகுமே 😭


ரோஸ்ஹில்மார்கோஸ்
நவம்பர் 27, மதியம் 12.40

மன்னிக்கவும், எங்கள் வீட்டுப் பக்கம் குரங்கு வருவதில்லை. அதை மறந்துவிட்டேன்.


பூச்சிவாத்தியார்
நவம்பர் 27, இரவு 9.05

ஆறு கொடிக்குச் சோளம் வேண்டாம். பக்கத்துல உயரமா என்ன இருக்கு? செம்பருத்தி, வாழை, வேலியோரப் புதர்? ஈ அங்கதான் உட்காரும். அந்தப் பக்கம் இரைப் புட்டி கட்டுங்க. பழைய தண்ணி பாட்டில், பாதிக்கு மேல பென்சில் தடிமன்ல நாலு ஓட்டை. ஒரு கரண்டி ஈஸ்ட், ரெண்டு கரண்டி சர்க்கரை, அரை லிட்டர் தண்ணி. மார்மைட் (பிரெட்டுல தடவுற ஈஸ்ட் பசை) இருந்தா ஈஸ்டுக்குப் பதிலா அது. முட்டை உருவாக பெண் ஈக்குப் புரதம் வேணும், அந்த வாசனைக்கு வரும். வாரம் ஒரு தடவை மாத்துங்க. இது எத்தனை ஈ இருக்குன்னு கணக்குத் தெரியறதுக்கும், கொஞ்சம் குறைக்கிறதுக்கும்தான். இதை மட்டும் நம்பிடாதீங்க.

காயைக் காப்பாத்துறது ஐயாவோட பாட்டி வழிதான், உறை. பூ வாடி ரெண்டு நாள்ல, குத்து விழுறதுக்கு முன்னாடி போடணும். குத்துனதுக்கு அப்புறம் உறை போட்டா புழுவுக்குப் பாதுகாப்பு குடுத்த மாதிரி. உறைக்கும் காய்க்கும் இடைவெளி முக்கியம். பழைய ஸ்டாக்கிங்கை இழுத்து மாட்டுறாங்க சிலர், அது தோல்ல ஒட்டியிருந்தா ஈ அதுக்கு மேலேயே உட்கார்ந்து குத்தும்.

துளசி வெச்சிருக்கீங்களா? மாமரத்துக்கு வர்ற கீழை ஈயோட ஆண் துளசி வாசனைக்கு வந்து மொய்க்கும். இந்தப் பூசணி ஈ வராது. யூடியூப்ல அதைப் பாத்துட்டுத் துளசிப் பொறி செஞ்சு ஏமாறாதீங்கன்னு சொல்றதுக்காக.


பந்தல்காரி
டிசம்பர் 6, காலை 7.00

நிலவரம்: விழுந்த காய் முழுக்க மூட்டை கட்டியாச்சு. பாட்டில் மூணு கட்டினேன். முதல் வாரத்துல மூணுலயும் சேர்த்து 27 ஈ, நிஜமாவே குளவி மாதிரிதான் இருக்கு. இதை நான் ஒரு மாசமா பந்தல் மேல பாத்திருக்கேன், நல்ல பூச்சின்னு விரட்டாம விட்டுவெச்சிருந்தேன்!

நியூஸ்பேப்பரைக் கூம்பு மாதிரி சுருட்டிப் பிஞ்சுக்குப் போட்டேன். செவ்வாய்க்கிழமை மழையில எல்லாம் கஞ்சியாப் போச்சு. வாழைச் சருகுக்கு வாழை இல்ல. வேற என்ன போடலாம்?


ஃபீனிக்ஸ்_ஆன்ட்டி
டிசம்பர் 6, காலை 9.20

கல்யாணத்துல ஸ்வீட் போட்டுக் குடுக்கிற வலைப்பை இருக்கில்ல, சுருக்குக் கயிறோட? மெல்லிசா, காத்து போகும், தண்ணி தங்காது. எங்க பெரியவ கல்யாணத்துல மிச்சம் நூத்தம்பது பை கப்போர்டுல கிடக்கு. பெரிய சைஸ். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வர்றேன், எடுத்துட்டு வரட்டா?


பூச்சிவாத்தியார்
டிசம்பர் 6, காலை 9.41

இதைவிட நல்ல யோசனை எந்தப் பல்கலைக்கழகத்துலயும் கிடைக்காது ஆன்ட்டி.


லெனேசியாபையன்
டிசம்பர் 8, மாலை 6.15

அண்ணா, திட்டாம ஒன்னு சொல்லுங்க. பால்கனி தக்காளி இலையில வெள்ளை வெள்ளையா தேமல் மாதிரி. வெளிச்சத்துல பாத்தா இலைக்கு ரெண்டு தோலுக்கு நடுவுல புழு ஓடுது. காய்ல காம்புகிட்ட சின்ன ஓட்டை. படம் போட்டிருக்கேன்.


பூச்சிவாத்தியார்
டிசம்பர் 8, இரவு 8.30

தம்பி, எதுக்குத் திட்டணும், கேட்டீங்களே அதுவே நல்லது. இது டூட்டா, தக்காளி இலையைத் துளைக்கிற அந்துப்பூச்சியோட புழு. தென்னமெரிக்காவுல இருந்து வந்தது, இந்த நாட்டுல 2016ல முதல்ல பிடிச்சாங்க. தேமல் விழுந்த இலையை எல்லாம் கிள்ளிப் பையில கட்டுங்க. ரெண்டு செடிதானே, தினம் காலைல டீ குடிக்கிறப்ப பாத்தா போதும். முத்திப்போன செடின்னா மனசைக் கல்லாக்கிக்கிட்டுப் பிடுங்கிடுங்க. மிளகாய்க்கு மாறுங்க, அடுத்த வருஷம் தக்காளி.


பந்தல்காரி
டிசம்பர் 21, காலை 5.55

எல்லாரும் உட்கார்ந்துக்கிட்டுப் படிங்க.

ஆன்ட்டியோட பை தங்க நிறம், ஓரத்துல ஜரிகை. இருபத்திரண்டு பிஞ்சுக்கு மாட்டினேன். பந்தலைப் பாத்தா கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிச்சது. பத்து நாள் ஒரு காய் மஞ்சளாகல, ஒரு புள்ளி இல்ல. உள்ளங்கை நீளம் வளர்ந்துடுச்சு. நேத்து ஆறு காய் பறிச்சு, நாலு வருஷத்துல முதல்முறையா என் கையால விளைஞ்ச பாவக்காய்ல புளிக்குழம்பு. இவர் ரெண்டு தடவை சோறு வாங்கினார்.

இன்னைக்கு விடியக்காலைல சத்தம் கேட்டு எழுந்தா, பந்தல் மேல பதினஞ்சு குரங்கு. பாவக்காயைத் தொடாத அதே குரங்குங்க. பளபளன்னு பை தெரிஞ்சா உள்ள ஏதோ பலகாரம்னு நினைச்சிருக்கு. ஒவ்வொன்னா அவுத்து, சுருக்குக் கயிறை அவ்வளவு அழகா இழுத்து அவுத்து, உள்ள பாவக்காயைப் பாத்துட்டு என் முகத்தையே ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க. காயை வீசிட்டு அடுத்த பை. பதினாறு காய் தரையில. ரெண்டு பையை ஒன்னு தலையில மாட்டிக்கிட்டுப் போச்சு.


லெனேசியாபையன்
டிசம்பர் 21, காலை 6.20

🤣🤣🤣 சாரி அக்கா. நிஜமா சாரி. 🤣


ஃபீனிக்ஸ்_ஆன்ட்டி
டிசம்பர் 21, காலை 7.05

அதுங்க பேர்ல தப்பில்ல கண்ணு. எங்க கோயில்ல ஆளுங்க ஆஞ்சநேயர்னு சொல்லி வாழைப்பழமும் லட்டும் அந்த மாதிரி பையிலேயே போட்டு மதில்ல வைக்கிறாங்க. நானே வெச்சிருக்கேன். இனிமே வைக்க மாட்டேன்.


விடியக்காலைமார்க்கெட்
டிசம்பர் 21, காலை 10.30

சோறு போட்டுப் பழக்கினது நாம, அப்புறம் கல்லெடுக்கிறதும் நாம. எங்க தெருவுல ஒருத்தன் பெல்லட் கன் வெச்சு அடிக்கிறான். குட்டியை மாரில வெச்சுக்கிட்டுக் கை உடைஞ்சு நொண்டிக்கிட்டுப் போச்சு ஒன்னு. பாவம் ஒரு பக்கம், 1962 மிருகப் பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தமும்கூட. நீங்க அந்த வழிக்குப் போகாதீங்கம்மா.

பையை டீத்தண்ணியில ஊற வைங்க. தங்கம் போயிடும், சருகு நிறம் வந்துடும். சருகு நிறத்தை எந்தக் குரங்கும் பலகாரம்னு நினைக்காது. அப்புறம் அதுங்க வர்ற வழியில, வேலி மேல, காலிப் பை பத்து கட்டுங்க. ஜரிகையோட இருக்கிறதையே கட்டுங்க. அவுத்து அவுத்துப் பாத்துச் சலிச்சுப் போகட்டும்.


பூச்சிவாத்தியார்
டிசம்பர் 21, இரவு 9.00

ஐயா சொன்னதுல ஒன்னு சேர்க்கிறேன். ரப்பர் பாம்பு வைக்கச் சொல்வாங்க, மூணு நாள் பயப்படும், நாலாவது நாள் அதைப் பிடிச்சு விளையாடும். குப்பைத்தொட்டிக்கு மூடி, நாய்க்கு வெச்ச சோறு வெளிய கிடக்காம பாத்துக்கிறது, இதெல்லாம்தான் நாள்பட நிக்கும். கூட்டம் தினமும் ஒரே தடத்துலதான் சுத்தும். உங்க வீட்டுல ஒன்னும் இல்லைன்னு பதிஞ்சுட்டா ஒரு நிறுத்தம் குறையும்.


பந்தல்காரி
ஜனவரி 18, மாலை 5.20

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். டீத்தூள் ஒரு பாக்கெட் செலவு, இவர் முணுமுணுத்தார். ஆனா பை இப்ப சருகு மாதிரியே இருக்கு. வேலியில கட்டின காலிப் பையை முதல் மூணு நாள் வரிசையா அவுத்துச்சுங்க. நாலாவது நாள் பெரிய ஆண் குரங்கு ஒன்னு ஒரு பையைக் கையில எடுத்து அமுக்கிப் பாத்துட்டு விட்டுட்டுப் போச்சு. இப்ப வருது, மதில் மேல உட்காருது, பக்கத்து வீட்டு அவகாடோவுக்குப் போயிடுது. பக்கத்து வீட்டம்மா என்கிட்டப் பேசுறது குறைஞ்சிருக்கு. அது வேற இழை.

போன வாரம் பாட்டில்ல மொத்தம் நாலே ஈ. மாட்டாம விட்ட பிஞ்சுல இன்னமும் புள்ளி விழுது, அதனால பையை நிறுத்தல. இதுவரைக்கும் 31 காய். பந்தலுக்குக் கீழ கோழி வளர்க்கலாம்னு பாத்தா வீட்டுச் சொந்தக்காரர் வேண்டாம்னுட்டார். இப்ப கீழ்ப்பக்க இலையில சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையா படியுது, அதுக்கு நாளைக்குப் படம் போடுறேன், வாத்தியார் சார் தயவு பண்ணணும்.

தாத்தா, ஆன்ட்டி, ரெண்டு பேருக்கும் அஞ்சஞ்சு காய் தனியா எடுத்து வெச்சிருக்கேன். காவடிக்கு முன்னாடி எந்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வருவீங்க?


விடியக்காலைமார்க்கெட்
ஜனவரி 18, இரவு 7.10

25ஆம் தேதி பேத்தி காரு ஓட்டி வரும். காய்ல விதை முத்தினது ஒன்னு இருந்தா அதையும் போடுங்க. டின்னு ஒன்னு காலியா இருக்கு.


ஃபீனிக்ஸ்_ஆன்ட்டி
ஜனவரி 18, இரவு 8.00

நானும் 25 வர்றேன். கண்ணு, டீயில முக்காத பை எத்தனை மிச்சம் இருக்கு? சின்னவளுக்கு மே மாசம் நிச்சயமாகியிருக்கு. குரங்கு எச்சில் படாததா பாத்து எடுத்து வை.